ஓவிய வகுப்பு நின்றுபோனால்

அத்திபெலே ஓசூர் சாலையில் இருக்கிறது. கர்நாடகம் இங்கே முடிகிறது. எல்லையைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. இங்கே தமிழ் பேசுவோர் உண்டு. கன்னடம், தெலுங்கு பேசுவோரும் உண்டு. பேச்சு வேறானாலும் படம் எல்லாருக்கும் புரியும். வாசலில் போடும் கோலமும் படம்தான்.

இப்படி ஓர் ஊரில், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவளுக்குப் படம் வரையப் பிடிக்கும். ஓவிய ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆசிரியர் வரவில்லை. ஓவிய நேரத்தில் இப்போது கணக்குப் பாடம் நடக்கிறது.

சிறுமி வீட்டில் சொல்கிறாள். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று அப்பா கேட்கிறார்.

கிடைக்கும். சேலைக்குப் பூ வேலை செய்பவருக்கு ஓவியம் வேண்டும். கடைப் பலகை எழுதுபவருக்கும் வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரி வரைபடம் பார்த்துத்தான் சுவர் எழுப்புகிறார். சோறு மட்டுமா? வாய் திறந்து பேசக் கூச்சப்படும் பிள்ளை படத்தில் பேசும். உற்றுப் பார்க்கப் பழகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால், கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே ஓவிய ஆசிரியரைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை. தமிழ்நாட்டில் 2012-இல் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் பல ஆயிரம் பேர் அமர்த்தப்பட்டார்கள்.

பிள்ளைகள் கேட்கலாமா?

கேட்கலாம். குழந்தைகளின் கருத்தைப் பெரியவர்கள் கேட்க வேண்டும் என்று ஐ.நா. உடன்படிக்கை 1989-இல் சொன்னது. கலையில் பங்கு பெறுவதும் குழந்தையின் உரிமை என்றது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. கர்நாடகக் கிராமங்களில் 'மக்கள கிராம சபை' நடக்கிறது. கன்னடத்தில் 'மக்களு' என்றால் பிள்ளைகள். அந்தச் சபையில் பிள்ளைகள் எழுந்து தங்கள் குறைகளைச் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்?

1. பிள்ளைகள் சேர்ந்து கணக்கு எடுக்கலாம். 6, 7, 8-ஆம் வகுப்புகளில் மொத்தம் எத்தனை பேர்? 100-க்குக் குறைவாக இருந்தாலும் ஓவிய வகுப்பு வேண்டும் என்று கேட்கலாம்.

2. அம்மாவும் அப்பாவும் பள்ளிக் குழுவில் பேசலாம். கர்நாடகத்தில் இதை எஸ்.டி.எம்.சி. என்பார்கள். பள்ளிக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

3. தலைமை ஆசிரியரிடம் மனு கொடுக்கலாம். ஆனேகல்லில் உள்ள வட்டாரக் கல்வி அதிகாரிக்கும் அனுப்பலாம்.

4. பயன் இல்லையா? ஊரின் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும்.

மாதிரி மனு

ஐயா,
எங்கள் பள்ளியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ....... பிள்ளைகள் படிக்கிறார்கள். ....... மாதம் முதல் ஓவிய ஆசிரியர் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பகுதிநேர ஓவிய ஆசிரியரை அமர்த்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு,
பெற்றோர்

மனுவைக் கன்னடத்திலும் எழுதிக் கொடுப்பது நல்லது. கைநாட்டு வேண்டாம். எழுதக் கற்றவர்கள் கையெழுத்துப் போடுங்கள். மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. எத்தனை பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை ஆசிரியர் வேண்டும்?
2. பள்ளிக் குழுவில் பெண்கள் எத்தனை பங்கு?
3. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓவிய வகுப்பு நடக்கிறதா? பிள்ளைகளைக் கேட்டு எழுதுங்கள்.