எண் குறைந்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. மருத்துவமனையில் சேர்த்தபோது என்டி-புரோபிஎன்பி 6,200. வீடு திரும்பியபோது 2,900. இனி எவ்வளவு காலம் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: கெடு வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு எண்களையும் குறித்து வைத்தீர்களே, அது நல்ல காரியம். இதய அறையின் சுவர் அழுத்தத்தில் விரிந்து இழுபடும்போது தசைச் செல்கள் வெளிவிடும் பொருள்தான் என்டி-புரோபிஎன்பி. சேர்ந்தபோது இருந்த அளவு 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்கள், இறங்காதவர்களைவிட அடுத்த மாதங்களை நன்றாகவே கடக்கிறார்கள். அப்பாவுக்குப் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது.

பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். வயது, சிறுநீரகக் கோளாறு, சீரற்ற துடிப்பு எல்லாம் இதை ஏற்றும். உடல் பருமன் இறக்கிக் காட்டும். பெயர் ஒத்திருந்தாலும் பிஎன்பி என்பது வேறு பரிசோதனை. சாகுபிட்ரில் என்ற இதயச் செயலிழப்பு மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏறித் தெரியலாம். எனவே அடுத்த முறையும் என்டி-புரோபிஎன்பியே, முடிந்தால் அதே லேபில் எடுங்கள்.

அதுவரை தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.