வாடிய மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

குரும்பலூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. கூடத்து ஜன்னல் கம்பியில் மூன்று வருடமாகச் சுற்றிப் படர்ந்த மணி பிளான்ட் கார்த்திகை பிறந்ததிலிருந்து துவண்டு தொங்குகிறது, அடியிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கின்றன, காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் விட்டும் தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன மாசியில் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது உங்கள் அப்பாவின் பருத்திக்காட்டு மண்ணை அள்ளி வந்து போட்டதாக ஓரத்தில் ஒரு வரி. எனக்கு வேண்டிய விஷயம் அந்த வரியில்தான் இருந்தது.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.

இலை துவண்டால் தண்ணீர் கேட்கிறது என்று நினைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் காய்ந்த செடியும் துவளும், வேர் அழுகிய செடியும் துவளும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மண் உலர்ந்து, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி, இலைகள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது தாகம். அப்போது மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓர இடுக்கு வழியாக அப்படியே கீழே ஓடிவிடும், நடு வேருக்குப் போகாது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் இறக்கி வைத்து எடுத்தால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். உங்கள் செடிக்கு அந்தக் கதை இல்லை. உங்கள் விரலில் ஈரக் களிமண் அப்பிக்கொண்டு வரும். முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும்.

பருத்திக்காட்டு மண்ணான கரிசலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் பக்கத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் அதில்தான் விளைகின்றன. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஆணிவேரை ஆழமாக இறக்குகிற பருத்திக்கு அது வரம். அதே மண்ணை ஒரு அடித் தொட்டிக்குள் அடைத்தால் வேருக்கு மூச்சுவிட இடமில்லை. கோடையில் உங்கள் செடி தப்பித்தது, ஊற்றியது உடனுக்குடன் காய்ந்ததால். ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிரில் மண் காயவே இல்லை. நீங்கள் இரண்டு செம்பு ஊற்றினீர்கள். காற்றில்லாத வேர் செத்தது, செத்த வேரில் பூஞ்சை ஏறியது. தண்ணீரை உறிஞ்ச வேரே இல்லாதபோது ஈரத்தில் நின்றும் இலை துவள்கிறது. நீங்கள் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றியிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே பாசத்தில் ஒரு செடியை இழந்தேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடும்போது அடியில் கல்லோ கட்டையோ கொடுத்துத் தரையை விட்டுத் தூக்கித்தானே கட்டுகிறார்கள்? கீழிருந்து காற்று ஏறாவிட்டால் வெங்காயம் அழுகும் என்று உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிக்கும் அதே கணக்குத்தான். அடியில் ஓட்டை இருக்கிறதா, தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

"பாட்டிலில் வெறும் தண்ணீரில் வருஷக்கணக்காக வளர்கிறதே, அது ஏன் அழுகவில்லை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தண்ணீரில் முளைத்த வேர், உள்ளே காற்று போய்வரும் இடைவெளிகளோடு அந்தச் சூழலுக்கென்றே வளர்கிறது. புதுத் தண்ணீரில் கரைந்த காற்றும் உண்டு. மண்ணில் பிறந்த வேருக்கு அந்த வசதி இல்லை. அதோடு சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் காற்றையும் தின்றுவிடுகின்றன. பாட்டில் தண்ணீரையும் மாற்றாமல் விட்டால் அங்கேயும் அழுகல்தான்.

இனி வேலைக்கு வருவோம். பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டிச் செடியை உருவுங்கள். மண்ணைக் கழுவிவிட்டு ஒவ்வொரு வேராக விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். கெட்டது பழுப்பேறிக் கொழகொழவென்று, மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் நிற்கும். அப்படிப்பட்டதை இரக்கம் பார்க்காமல் வெட்டிவிடுங்கள். வெந்நீரில் கழுவிய கத்தரிக்கோல் போதும்.

நல்ல வேர் கொஞ்சமாவது மிஞ்சினால் திரும்ப நடலாம். ஆனால் கொடியிலிருந்து நாலைந்து துண்டுகளை எடுத்து வைப்பதுதான் நிச்சயமான காப்பு. கொடியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இலைக்காம்பு சேரும் கணுவில், மிளகளவு பழுப்புப் புடைப்பு ஒன்று தெரியும். அதுதான் வருங்கால வேர். அதற்கு அரை அங்குலம் கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி பாட்டிலில் வையுங்கள். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் வைத்தாலும் கொடியாகாது. நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரிலேயே உப்பு உண்டு. அந்தக் கழிவில் அது இன்னும் செறிந்திருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறதே, அது அந்த உப்புதான். இந்த மாதம் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை.

வேர் இரண்டு அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள், மக்கிய எரு, கொஞ்சம் மணல். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. முதல் பத்து நாள் லேசான ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர்.

அக்னி மூலையில் வைக்கவில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கினோம், அதனால்தான் வாடியதோ என்று மாமியார் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இது பசிபிக் பெருங்கடலில் மூரேயா என்ற சின்னத் தீவைச் சொந்த ஊராகக் கொண்ட கொடி. அங்கே பெரிய மரங்களைப் பற்றி ஏறுகிறது. நம் ஊரிலும் தென்னையில் ஏற விட்டால் இலை முறம் அளவுக்கு விரிவதைப் பார்க்கலாம். தொங்கவிட்டால் இலை சிறுக்கும். அதற்கு மூலையும் தெரியாது, காசும் தெரியாது. மாமியாரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஆட்டுக்குப் போடவோ குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கவோ வேண்டாம். இது சேம்புக் குடும்பம். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையை அரிக்குமே, அதே படிகங்கள் இதன் சாற்றிலும் உண்டு. வாய்க்கால் ஓரத்திலும் வீச வேண்டாம், கணு பட்ட இடத்தில் முளைத்துப் படர்ந்துவிடும். இலங்கைக் காடுகளில் இது இப்போது களையாகத் தொல்லை கொடுக்கிறது.

தொட்டியில் நட்ட துண்டு முதலில் ஒன்றும் செய்யாததுபோல இருக்கும். கவலைப்பட்டு உரம் எதுவும் போடாதீர்கள். பிறகு ஒரு நாள் நுனிக் காம்பின் பக்கத்தில், பென்சில் முனைபோல இளம்பச்சைச் சுருள் ஒன்று நீட்டும். அது விரிந்த பிறகு உரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
பெரம்பலூரிலிருந்து உங்கள் சகோதரன்