இறால் தலை எண்ணெய்: விற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இறால் தலை, ஓடு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தீவன மில்தான். தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஏற்றுமதிக்காகத் தலையையும் ஓட்டையும் நீக்கும்போது, முழு இறாலின் எடையில் ஏறக்குறையப் பாதி கழிவாகப் போய்விடுகிறது. அந்தக் கழிவிலும் விலையுள்ள சரக்கு இருக்கிறது. மீன் எண்ணெய், கிரில் எண்ணெய் மாத்திரைகள் ஏற்கெனவே கடை அலமாரிகளுக்கு வந்துவிட்டன. இறால் தலை எண்ணெயும் அதே இனத்துச் சரக்குதான். வாங்கி அடுக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணெய் இருப்பது ஓட்டில் அல்ல, தலைக்குள். ஓட்டில் பெரும்பாலும் கைட்டின் என்ற நார்ப்பொருளும் சுண்ணாம்பும் புரதமும்தான். தலைக்குள் ஈரலும் கணையமும் சேர்ந்தாற்போல ஓர் உறுப்பு உண்டு. இறால் தன் கொழுப்பைச் சேமிப்பது அங்கேதான். தலையோடு குழம்பு வைத்தால் மேலே சிவப்பாக மிதப்பதும் இதுவே.

அளவு கொஞ்சம்தான், ஆனால் நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் இல்லாத இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இதில் உண்டு. ஒரு பகுதி பாஸ்போலிப்பிடு வடிவில் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவின் லெசித்தினும் இந்த இனமே. கொலஸ்ட்ராலும் உண்டு, அதை விளம்பரத்தில் தேடினாலும் கிடைக்காது! சிவப்பு நிறம் தருவது அஸ்டாசாந்தின். பச்சை இறாலில் அது புரதத்தோடு கட்டுண்டு சாம்பலாகத் தெரியும். வெந்ததும் கட்டு அவிழ்ந்து சிவக்கும்.

இந்த எண்ணெய் வெகு சீக்கிரம் கெடும். வெயில், காற்று, சூடு மூன்றும் இதற்குப் பகை. கூனி, உலர்ந்த இறால் மூட்டையை வெயில் படும் இடத்தில் அடுக்கினால் நிறம் வெளுத்து, சிக்கு வாடை அடிப்பது இதனால்தான். கிட்டங்கியில் இருட்டும் குளிர்ச்சியுமான மூலையே அதற்கு இடம். நிறம் போன கூனியை விலை குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளர் விவரம் தெரிந்தவர்.

இனி உடல்நலம். ஒமேகா-3 இருதயத்துக்கு நல்லது என்பார்கள். அமெரிக்காவில் சுமார் 26,000 பேருக்கு ஐந்தாண்டுக்கு மேல் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்துப் பார்த்த 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை மொத்தமாகக் கணக்கிட்டபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதே ஆண்டு வந்த 'ரெட்யூஸ்-இட்' ஆய்வில், ரத்தக் கொழுப்பு அதிகமுள்ள நோயாளிகளுக்குத் தினம் 4 கிராம் சுத்திகரித்த இ.பி.ஏ. மருந்து கொடுத்ததில் பலன் இருந்தது. ஆனால் அது டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து. நாம் விற்கும் டப்பா அல்ல. இரண்டும் இறால் எண்ணெயை வைத்துச் செய்தவையும் அல்ல. அஸ்டாசாந்தினுக்குச் சொல்லப்படும் பெருமைகளில் பெரும்பகுதி சோதனைக்கூடத்தில் கண்டவை.

ஆகவே லேபிளில் "1,000 மில்லிகிராம் எண்ணெய்" என்ற பெரிய எழுத்தைப் பார்க்காமல், இ.பி.ஏ., டி.எச்.ஏ. எவ்வளவு என்ற சின்ன எழுத்தைப் பாருங்கள். சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் அது 180-ம் 120-ம், ஆக 300 மில்லிகிராம்தான்.

"சர்க்கரை குணமாகும், இருதய அடைப்பு நீங்கும்" என்று அட்டை எழுதித் தொங்கவிடச் சொல்லும் ஏஜெண்டிடம் பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இத்தகைய விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை போகும்.

இறால், நண்டு ஒவ்வாதவர்கள் உண்டு. சிலருக்கு மூச்சே திணறும். எண்ணெயிலும் புரதம் சிறிது ஒட்டியிருக்கலாம் என்பதால், லேபிளில் ஒவ்வாமைக் குறிப்பு இல்லாத சரக்கை நாம் எடுக்கக் கூடாது. கூனித் தூள் அள்ளிய கரண்டியை மிளகாய்த்தூள் டப்பாவில் போடும் பழக்கம் கடைப் பையன்களுக்கு இருந்தால், அதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.