பிளாஸ்டிக்கில் கரண்ட் ஓடுமா?

ஒயரிங் லேபில் செம்புக் கம்பியின் பி.வி.சி. உறையை உரிக்கிறோமே, அந்த உறை எதற்கு? ஷாக் அடிக்காமல் இருக்க. பிளாஸ்டிக் என்றால் இன்சுலேட்டர் என்று எழுதித்தான் முதலாண்டிலிருந்து மார்க் வாங்கியிருக்கிறோம். அதில் கரண்ட் ஓடும் என்றால் சிரிப்போம். ஆனால் ஓடும்.

1967-ல் டோக்கியோவில் ஷிராகவா என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தப்பு நடந்தது. அசிட்டிலின் வாயுவைப் பாலிமராக்கும்போது வினையூக்கியைச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள். கறுப்புத் தூளுக்குப் பதில் வெள்ளி மாதிரி மின்னும் படலம் வந்தது. நாமாக இருந்தால் கழுவி ஊற்றிவிட்டு, பக்கத்து டேபிள் ரீடிங்கைக் காப்பி அடித்திருப்போம்! அவர் விடவில்லை. பின்னர் அமெரிக்காவில் மெக்டியார்மிட், ஹீகர் இருவரோடு சேர்ந்து அந்தப் படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தினார். கடத்துதிறன் கோடி மடங்கு ஏறியது. 1977-ல் இதை வெளியிட்டார்கள். 2000-ல் மூவருக்கும் நோபல் பரிசு.

காரணம் என்ன? கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால், பை எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகப் பரவும். ஆனால் அடுத்த மூலக்கூறுக்குத் தாவித்தான் போக வேண்டும். சிலிக்கான் தார் ரோடு என்றால், இது வரப்பு தாண்டித் தாண்டி வயலில் நடக்கிற கதை. சிலிக்கானில் எலக்ட்ரான் மொபிலிட்டி சுமார் 1400. பென்டசீன் என்னும் நல்ல ஆர்கானிக் படலத்திலேயே 1 வந்தால் பெரிசு. ஆகவே இதில் கம்ப்யூட்டர் பிராசசர் செய்யலாம் என்று கனவு காண வேண்டாம்.

இதன் பலமே வெளிச்சம்தான். 1987-ல் கோடாக் கம்பெனியின் டாங், வான் ஸ்லைக் இருவரும் இரண்டு மெல்லிய படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்குள் பச்சை ஒளி வரவழைத்தார்கள். ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து ஹோல். சந்திக்கும் இடத்தில் ஒளி. அதுதான் ஓ.எல்.இ.டி. பின்னால் தனி விளக்கு வேண்டாம். கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளியை அணைத்தால் போதும்.

ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் கெடும். நீலம் தரும் மூலக்கூறுதான் சீக்கிரம் தளரும். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் மூன்று மாசம் பகுதிநேர வேலை செய்து பழைய போன் ஒன்று வாங்கினான். திரையின் அடியில் கீபோர்டு நிழல் போகவே இல்லை. "அப்டேட் போட்டா சரியாயிடுமாடா?" என்று கேட்டான். எப்படிச் சரியாகும்? அதிகம் எரிந்த புள்ளிகள் தேய்ந்துவிட்டனவே! பழைய போன் வாங்கப் போனால் திரை முழுக்க வெறும் சாம்பல் நிறப் படத்தை வைத்துப் பாருங்கள். நிழல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.