தசைவலிக்கு உலர் ஊசி: சம்மதிக்கும் முன்

யட்டவத்தவில் உங்கள் வீட்டுக்குத் திரும்பிச் சேறு அள்ளி, கல் சுமந்ததில் தோளோ இடுப்போ பிடித்துக்கொண்டுள்ளதா? இறுகிய தசையில் முடிச்சுப் போன்ற ஓர் இடம் இருக்கும். அழுத்தினால் வலி பரவும். அந்த இடத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் தசையைத் தளர்த்துவதே உலர் ஊசிச் சிகிச்சை. ஊசியில் மருந்து இல்லாததால் இப்பெயர்.

வலி சில நாட்களோ வாரங்களோ குறையலாம். நீடித்த பலனுக்கு உடற்பயிற்சியும், முழங்காலை மடித்துச் சுமை தூக்குவதும் அவசியம். முதலில் அரச வைத்தியசாலையில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் ஊசி வேண்டாம். அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஊசிக்குச் சம்மதிக்கும் முன்:

1. குத்துபவர் இதற்குப் பயிற்சி பெற்றவரா எனக் கேளுங்கள்.
2. புதிய ஊசியை உங்கள் கண்முன்னே உறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியால் மற்றவருக்கு ஈரல் அழற்சி தொற்றலாம்.
3. கர்ப்பமாக இருந்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்தாலோ முன்னரே சொல்லுங்கள்.

குத்திய இடம் ஓரிரு நாள் நோவது வழமை. ஆனால் தோளிலோ மேல்முதுகிலோ குத்திய பின் மூச்சுத் திணறினால், ஊசி நுரையீரலைத் தொட்டிருக்கலாம். காத்திருக்காதீர்கள், 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.