காத்திருக்க வேண்டிய இடமும் ஓட வேண்டிய இடமும்

மதுரை

அன்புள்ள கயல்,

அக்கா போனில் எல்லாம் சொன்னாள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனது, மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்தது, பேனா பிடித்தால் கை நடுங்கியது, கடைசியில் டாக்டர் ‘தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தது வரைக்கும். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டையும் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, லேபில் ரத்தம் எடுத்தே தலை நரைத்தவள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உன் டாக்டர் வேலை. அந்தக் காகிதத்தை எப்படிப் பார்ப்பது, மாத்திரையை எவ்வளவு பொறுமையோடு நம்புவது, எப்போது பொறுமையை மூட்டை கட்டி வைப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி. ‘எனக்கும் தைராய்டுதான்மா’ என்று ஹாஸ்டல் வார்டன் தொடங்கிப் பக்கத்து வீட்டு அத்தை வரை பலர் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது சுரப்பு குறையும் நோய். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப் பிறகு அரை மணி நேரம் காபி கூடாது, உடம்பு போடும் என்பதெல்லாம் அவர்கள் கதை. உன்னுடையது அதற்கு நேர் எதிர். உன் மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மருந்துக்கடையில் போய் ‘தைராய்டு மாத்திரை கொடுங்க’ என்று மட்டும் கேட்காதே. கடைப் பையனுக்குத் தைராய்டு மாத்திரை என்றால் சுரப்பு குறைந்தவர்கள் போடும் தைராக்சின்தான். அதை நீ விழுங்கினால் எரிகிற நெருப்பில் எண்ணெய். சீட்டைக் காட்டு. அட்டையில் கார்பிமசோல் என்று இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு.

உனக்கு வந்திருப்பது கிரேவ்ஸ் நோய். டப்ளினில் இருந்த ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் இதை விவரித்தார். 1840-இல் ஜெர்மனியில் பாஸிடோ என்ற மருத்துவரும் எழுதினார். அங்கே இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். வழக்கமாக மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்கும். உன் உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறுதலாக ஒரு ஆன்டிபாடியை உருவாக்கிவிட்டது. அது டி.எஸ்.எச். போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி பகல் பார்க்காமல் தைராய்டை விரட்டுகிறது. ரத்தத்தில் ஹார்மோன் வழிவதைப் பார்த்த பிட்யூட்டரி, டி.எஸ்.எச். அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ‘ரிப்போர்ட்டில் குறைவுன்னுதானே போட்டிருக்கு, டாக்டர் ஏன் அதிகம்ங்கிறார்?’ என்று அக்கா கேட்டாளே, அதற்குப் பதில் இதுதான். குறைந்திருப்பது ஏவுகிற டி.எஸ்.எச். மட்டுமே. சுரப்பு கூடித்தான் இருக்கிறது.

டாக்டர் ஆன்டிபாடி டெஸ்டும் எடுக்கச் சொன்னது பணம் பிடுங்க இல்லை. சில சமயம் சுரப்பியில் அழற்சி வந்து, சேர்த்து வைத்த ஹார்மோன் கசிந்தாலும் ரிப்போர்ட் இப்படியேதான் இருக்கும். அதற்கு இந்த மாத்திரை உதவாது, தானாகவே அடங்கிவிடும். உனக்கு அந்த ஆன்டிபாடி இருப்பது உறுதியான பிறகுதான் மாத்திரை தொடங்கியிருக்கிறார். நல்ல டாக்டர்.

‘முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தைராய்டு அடங்கும்’ என்று ஒருத்தி சொன்னாளாம். சிரிக்காதே, அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், முட்டைக்கோஸையே தின்று வளர்ந்த ஆராய்ச்சி முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்ததைக் கவனித்தார்கள். பிறகு அதே இடத்தில், ஒரு சல்ஃபா மருந்து கொடுத்த எலிகளுக்கும் தைராய்டு வீங்கியது. சில பொருள்கள் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கின்றன, அதைச் சரிக்கட்டப் பார்த்துத்தான் சுரப்பி வீங்குகிறது என்பது தெரிந்தது. அப்படியானால் சுரப்பு அதிகமானவர்களுக்கு அதுவே மருந்தாகுமே என்று யோசித்தவர் பாஸ்டனில் இருந்த எட்வின் ஆஸ்ட்வுட். 1943-இல் தயோயூரியா, தயோயூராசில் இரண்டையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் நீ போடும் கார்பிமசோல். உடம்புக்குள் போனதும் அது மெத்திமசோலாக மாறி, தைராய்டு அயோடினைப் பிடித்து ஹார்மோன் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே முட்டைக்கோஸ் பொரியல் பிடித்தால் சாப்பிடு. ஆனால் அதை மருந்து என்று நினைத்து மாத்திரையை நிறுத்தாதே.

மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். தெரியாது. மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டியில் இருக்கிற தண்ணீர் தீரும்வரை குழாயில் வந்துகொண்டுதானே இருக்கும்? கார்பிமசோல் புதிய உற்பத்தியைத்தான் தடுக்கும். சுரப்பி முன்பே செய்து சேர்த்து வைத்திருப்பதை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் கலந்துவிட்ட டி4 ஹார்மோன் பாதியாகவே பல நாள் எடுக்கும். அதனால் உடம்பில் மாற்றம் தெரிய மூன்று வாரம், ஆறு வாரம் கூட ஆகும். அதுவரை படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கத்தான் கூடவே புரோப்ரனலால் கொடுத்திருக்கிறார். அது ஹார்மோனைக் குறைக்காது, அதன் ஆட்டத்தை மட்டும் மறைக்கும். சின்ன வயதில் உனக்கு வீசிங் இருந்ததே, அதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. ஆனால் அதையும் அவரைக் கேட்காமல் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே.

காலையில் கண் விழித்ததும் எழுந்து நடமாடுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி நோட்டில் குறித்துவை. எந்த லேபுக்கும் போகாமல் நீயே பார்க்கக்கூடிய ரிப்போர்ட் அது.

இப்போது லேப் ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததில் முக்கியமான பகுதி இது. உன் முதல் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 4.2, டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே. பெரும்பாலான லேபுகளில் ஃப்ரீ டி4-இன் இயல்பு அளவு ஏறக்குறைய 0.8 முதல் 1.8 வரை, டி.எஸ்.எச். 0.4 முதல் 4 வரை. நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுப்பாய். அப்போது ஃப்ரீ டி4 1.6-க்கு வந்திருக்கலாம். ஆனால் டி.எஸ்.எச். அதே 0.01-இல் அசையாமல் நிற்கும். ‘மாத்திரை வேலை செய்யலையே சித்தி’ என்று நீ பதறுவாய். வேலை செய்கிறது. மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி மறுபடி விழித்துக்கொள்ளப் பல வாரம், சிலருக்குப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளியில் டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் அடுத்த ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 0.5-க்குச் சரிந்திருக்கும், முகம் உப்பும், தூக்கம் தூக்கமாக வரும். தொடக்க மாதங்களில் அளவைத் தீர்மானிப்பவை ஃப்ரீ டி4-உம் டி3-உம்தான். டி.எஸ்.எச். பின்னால் மெதுவாக வரும். இதைத் தெரியாமல் கலங்கிப்போனவர்களை லேப் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் லேப் பக்கத்து விஷயங்கள் சில. ‘தைராய்டு டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் பல லேபுகளில் மொத்த டி3, டி4 எடுத்துவிடுவார்கள். சீட்டில் ‘ஃப்ரீ’ என்று இருந்தால் அதையே கேட்டு வாங்கு. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை போடுபவர்களுக்கும் மொத்த அளவு தானாகவே உயர்ந்து குழப்பும். முடிந்தவரை ஒரே லேபில் கொடு. சில இடங்களில் ஃப்ரீ டி4-ஐ வேறு அலகில், பிகோமோலில் போடுவார்கள். இங்கே 1.3 என்பது அங்கே கிட்டத்தட்ட 17. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் மயக்கம் வராத குறைதான். இந்த டெஸ்டுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கியிருக்கிறாயாமே? முடி கொட்டுவது இந்த நோயாலேயே வருவது, ஹார்மோன் சரியானால் மெல்லத் திரும்பும். பயோட்டினில் வேறு வம்பு இருக்கிறது. நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிற சத்தை, முடி மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று அடைத்து விற்கிறார்கள். பல லேப் இயந்திரங்களின் வேதிமுறையே பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தை வைத்துத்தான் இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் இயந்திரம் ஏமாந்து டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டும். நோய் அடங்கியிருந்தாலும் ரிப்போர்ட்டில் அடங்காததுபோல் தெரியும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்து. என்னைக் கேட்டால் அந்த டப்பாவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுக்கச் சொன்னது. இனிச் சொல்வதில் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதே. கார்பிமசோல் போடும் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேருக்கு ரத்தத்தின் ஒரு வகை வெள்ளை அணுக்கள் திடீரென்று அற்றுப்போகும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இயல்பான ரத்தத்தில் சிவப்பணுக்களுக்கு நடுவே, ஊதா நிற உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த அணுக்கள் எங்கே நகர்த்தினாலும் கண்ணில் படும். அவைதான் நியூட்ரோஃபில், கிருமியோடு முதலில் மோதுகிறவை. இந்தப் பக்கவிளைவு வந்தவரின் ஸ்லைடில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்றுகூடச் சிக்காது. வழக்கமாக மைக்ரோலிட்டருக்கு 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது 500-க்கும் கீழே போய்விடும். அப்போது சாதாரணத் தொண்டைப் புண்ணே உயிருக்கு உலை வைக்கும்.

ஆகவே காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் அடுத்த கார்பிமசோல் மாத்திரையைப் போடாதே. அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணும் ‘சி.பி.சி.’ டெஸ்ட் எடு, டாக்டருக்குச் சொல். ராத்திரியாக இருந்தால் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய், ‘நான் கார்பிமசோல் போடுகிறேன், காய்ச்சல் இருக்கிறது’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல். அணுக்கள் சரியாக இருந்தால் டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்வார், ஒரு ராத்திரித் தூக்கம்தான் போயிருக்கும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று மட்டும் படுக்காதே. போன மாதம் சி.பி.சி. நன்றாக இருந்ததே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. சில நாளிலேயே சரிந்துவிடும். கண் மஞ்சளானாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும் இதே விதிதான், அது கல்லீரல் முறையிடுவது. லேசான அரிப்பும் தடிப்பும் வேறு, அவற்றைப் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஆனால் சொல்லிவிடு.

சரியானதும் எடை ஏறும். இழந்தது திரும்புவதுதான் அது. பசி மட்டும் சில வாரம் பழைய வேகத்திலேயே இருக்கும், கொஞ்சம் கவனி. எடைக்குப் பயந்து மாத்திரையை ஒளித்து வைத்த பெண்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். அயோடின் உப்பை மாற்ற வேண்டாம். சி.டி. ஸ்கேனுக்கு ஊசி போட வந்தால் தைராய்டு இருக்கிறது என்று சொல், அந்த மருந்தில் அயோடின் நிறைய இருக்கிறது. கண் பிதுங்குவதுபோல், இரட்டையாகத் தெரிவதுபோல் இருந்தால் கண் டாக்டரிடம் போ. சிகரெட் புகை கண்ணை இன்னும் கெடுக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது.

பொதுவாக 12 முதல் 18 மாதம் மாத்திரை. நிறுத்துவதற்கு முன் அந்த ஆன்டிபாடியை மறுபடி பார்ப்பார்கள். நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பும். திரும்பினால் மறுபடி மாத்திரை, இல்லை என்றால் கதிரியக்க அயோடின், இல்லை என்றால் அறுவை சிகிச்சை. கதிரியக்க அயோடின் 1941-இலேயே பாஸ்டனில் தொடங்கிய பழைய மருத்துவம், பெயரைக் கேட்டுப் பயப்படாதே. அதற்குப் பிறகு பலருக்கு ஆயுள் முழுக்கத் தைராக்சின் தேவைப்படும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, அக்காவும் படிக்கட்டும். ‘வரன் பார்க்கும்போது இதையெல்லாம் சொல்லவா முடியும்?’ என்று அவள் என்னிடம் கேட்டாள். சொல்லத்தான் வேண்டும். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கார்பிமசோல் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். முதல் மூன்று மாதத்துக்குப் புரோப்பைல்தயோயூராசில் என்ற வேறு மாத்திரைக்கு டாக்டர் மாற்றுவார். நாள் தள்ளிப்போன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது நடக்காது, திட்டமிட்டு முன்பே மாற்ற வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிற பெண்ணால் இதைச் செய்ய முடியுமா? மறைக்கச் சொல்லி உன்னை யாரும் வற்புறுத்தினால் என் பெயரைச் சொல்.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும், அலகு தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து அனுப்பு. அதற்கு முன் இன்றைக்கே உன் அறைத்தோழியிடம் மாத்திரையின் பெயரையும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவை. காய்ச்சலில் நீ சுருண்டு கிடந்தால் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப்போகிறவள் அவள்தான்.

அன்புடன்,
உன் சித்தி