கரண்ட் எப்ப சார் வரும்?

நாம் எலெக்ட்ரிகல் டிப்ளமோ என்று தெரிந்தால் போதும், குமணன்சாவடியில் வீடு கட்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "இ.பி.காரங்க மனசு வச்சாத்தான்" என்று சிரித்துவிட்டு நழுவுவது நமக்கு அழகல்ல.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இணைப்பு தாமதமானால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் விதிகளோ மாநகரத்துக்கு 3 நாள், நகராட்சிக்கு 7, கிராமத்துக்கு 15 என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. முழுமையான விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு பேப்பர் குறைந்தாலும் கடிகாரம் ஓடாது!

ஆனால் இந்த நாள் கணக்கு, வாசலிலேயே கம்பம் இருக்கிற வீட்டுக்கு. புதுக் கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டுமென்றால் கதை வேறு. பிரிவு அலுவலகம் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும், சாமான் வர வேண்டும், 11 கே.வி. லைனை நிறுத்த ஒரு நாள் குறிக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? ஒரு கணக்கு போடுவோம். 100 கே.வி.ஏ., 415 வோல்ட். முழுச்சுமை 139 ஆம்பியர். மாலை உச்சத்தில் ஏற்கெனவே 90 ஓடுகிறது என்று வையுங்கள். பன்னிரண்டு ஃபிளாட், தலா 4 கிலோவாட், மொத்தம் 48. பவர் ஃபேக்டர் 0.85 என்றால் ஏறத்தாழ 79 ஆம்பியர். கூட்டினால் 169, தாங்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் கீசர் போடமாட்டார்கள். டைவர்சிட்டி ஃபேக்டர் 2 என்று எடுத்தால் 129. இழுத்துப் பிடித்து நிற்கும். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்தால்? அதிகாரி தயங்குவது இங்கேதான், அதில் நியாயமும் உண்டு.

கட்டுகிற காலத்துக்குத் தற்காலிக இணைப்பு தனி. யூனிட் விலை கூடுதல். அதை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு சைட்டில் அப்படிக் கிடந்த ஒயரை மிதித்த கம்பி வளைக்கிற அண்ணன் தூக்கி எறியப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.யோ, எர்த்தோ அங்கே இல்லை.

ஆகவே கேட்கிறவரிடம் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "கம்பம் எத்தனை மீட்டர்ல இருக்கு? மொத்த லோடு எவ்வளவு? அஸ்திவாரம் தோண்டும்போதே மனு போட்டீங்களா?"